கரண்டு வந்தாச்சு

அப்பாவைக் கல்கத்தாவிலிருந்து கிளப்ப நான் ஆயிரம் காரணம் சொன்னேன். எடுபட்டது ஒன்றுதான்: “ஆக்லாந்துல கரண்டே போகாதுப்பா.”

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வங்காளத்தில் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்டுகள், நான் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை அசையவில்லை. அசைந்ததெல்லாம் கரண்டுதான். பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் போகும். சோற்றில் கை வைத்தால் போகும். அப்பா கட்சிக்காரர். இருட்டில் விசிறிக்கொண்டே, “எல்லாம் டெல்லிக்காரன் சதி” என்பார். கொசுவுக்கும் டெல்லிதான் காரணமா என்று கேட்டால் அம்மா என்னை அதட்டுவாள். கரண்டு திரும்பியதும் தெருவே ஒரே குரலில் “எஷே கேச்சே!” என்று கத்தும். வந்துவிட்டதாம்! ஏதோ சாமி ஊர்வலம் வந்த மாதிரி. அதில் உரக்கக் கேட்பது அப்பாவின் குரல். எனக்கு மானம் போகும்.

அம்மா இறந்த பிறகு அவரை அங்கே தனியாக விட மனமில்லை. வந்தார், பெட்டியில் அந்தப் பனையோலை விசிறியோடு. நடுநகரத்தில் என் ஃப்ளாட். நான் வேலையிலிருந்து திரும்பும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். “இங்க யாரும் யார்கூடவும் சண்டைகூடப் போட மாட்டேங்கிறாங்க” என்று குறைப்பட்டார். கொஞ்ச நாளிலேயே, “டிக்கெட் போட்டுடு, நான் போறேன்” என்று ஆரம்பித்துவிட்டார். ரத்தக்கொதிப்புக்காரர், அங்கே விழுந்தால் தூக்க ஆளில்லை. சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

நியூசிலாந்தில் பிப்ரவரி கோடைக்காலம். அந்த வெயிலில் பார்த்து, நடுநகரத்துக்குக் கரண்டு கொண்டுவரும் கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, வாரக்கணக்கில். லிஃப்ட் ஓடவில்லை, ஃப்ரிட்ஜில் வைத்த சாம்பார் நாறியது, தெருவெல்லாம் ஜெனரேட்டர் இரைச்சல். நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அப்பாவோ புது மாப்பிள்ளை மாதிரி வளைய வந்தார். விசிறி வெளியே வந்தது.

“கரண்டை வியாபாரமாக்கினா இப்படித்தான்.”

“அங்க கரண்டு போனா டெல்லி, இங்க போனா வியாபாரமா? உங்க கட்சி எதுலதாம்ப்பா தப்பு பண்ணும்?”

“கட்சியைப் பத்திப் பேசாத.”

டிக்கெட் பேச்சு மட்டும் நின்றிருந்தது. அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் ஃப்ரிட்ஜ் உறுமியது. அப்பா பால்கனிக்கு ஓடினார். “எஷே கேச்சே!”

எதிர்க் கட்டடத்தில் வரிசையாக விளக்குகள் எரிந்தன. ஒரு குரல்கூட எழவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாகக் கத்தினார். பிறகு உள்ளே வந்து விசிறியைப் பெட்டிக்குள் வைத்தார்.

“டிக்கெட் என்னாச்சும்மா?”

எனக்கு வந்த ஆத்திரம் அவர்மேலா, ஊர்மேலா என்றே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு முறைகூடக் கத்தாத நான், பால்கனியில் நின்று தொண்டை கிழிய “எஷே கேச்சே!” என்று கத்தினேன். கீழ்த்தளத்திலிருந்து ஒருவன் ஆங்கிலத்தில் வாயை மூடச் சொன்னான்.

அப்பா எட்டிப் பார்த்தார். “யாரும்மா அது?”

“யாருக்குத் தெரியும்?”

“ஒருத்தனாவது பதில் சொன்னானே! இரு, பாத்துட்டு வரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு, லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கினார்.