அறுபது நொடிக்கு இரண்டு நிமிடம்

கணினியின் அடிப்படை நிரலான கெர்னலிலிருந்து, ஒரு பழைய மின்னணு போர்டின் கடிகாரத்தை இயக்கும் 'டிரைவர்' நிரலை நீக்கும் வேலையை, அதை எழுதியவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அவளுக்கு எரிச்சல்தான். இருபது வருடத்துக்கு முன் ஒரு வாரம் உயிரை வாங்கிய டிரைவர் அது. ஒரே முறை பாதியாக்க வேண்டிய கடிகார வேகத்தை அவள் ஓரிடத்திலும், எதிர் அறைக்காரர் இன்னோரிடத்திலும் பாதியாக்கிவிட, அறுபது நொடி காத்திரு என்றால் போர்டு இரண்டு நிமிடம் காத்திருந்தது. அவள் அவர் மேசையருகே போய் உட்கார்ந்து ஒவ்வொரு சோதனைக்கும் அந்த இரண்டு நிமிடம் பேசிப் பேசித்தான் கல்யாணம் வரை வந்தது.

நீக்குமுன், யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்ற கோப்பின் வரலாற்றைப் பார்த்தாள். அந்தப் பிழையைச் சரிசெய்த அவருடைய திருத்தம்: எழுதியது திங்கள், கோப்பில் சேர்த்தது வெள்ளி.

"ஏங்க, திங்கட்கிழமையே கண்டுபிடிச்சிட்டீங்களா?"

துணி மடித்துக்கொண்டிருந்த கணவர் நிமிரவில்லை.

"சொல்லியிருந்தா நீ உன் ரூமுக்குப் போயிருப்பியே."