ஒரே நம்பரிலிருந்து வந்த புகார்கள்

என் அண்ணியை எங்கள் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சின்னவர்களுக்கு மனு அக்கா, பெரியவர்களுக்கு மனு வீட்டம்மா. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் அவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நான் வாயாடி. அவரோ ஒரு சொல்லைப் பேசுவதற்கு முன் அதை மனதுக்குள் டைப் அடித்துப் பார்க்கிற ஆள். பேசாதவர்களை நம்பக் கூடாது என்பது அப்போது என் கொள்கை.

எங்கள் தெரு விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து கூப்பிடு தூரம். கூப்பிட்டால் கேட்காது என்பது வேறு விஷயம். அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தலைக்கு மேல் விமானம் வந்தால், பேசிக்கொண்டிருக்கிறவர் எந்தச் சொல்லில் இருக்கிறாரோ அங்கேயே நிறுத்திவிடுவார். போன பிறகு அதே இடத்திலிருந்து தொடர்வார். சண்டை போடுகிறவர்களும் நிறுத்துவார்கள், கையை மட்டும் ஓங்கியபடி வைத்திருப்பார்கள். அண்ணி வந்த முதல் நாள் என் அம்மா, "இந்த வீட்டுல உனக்கு" என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டார். அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. முப்பது நொடி கழித்து அம்மா, "எந்த ரூம் பிடிச்சிருக்கு?" என்று முடித்தார். அதற்குள் அண்ணி அழத் தயாராகிவிட்டார்.

கல்யாணத்துக்கு முன் அண்ணி கோர்ட் வாசலில் ஒரு டைப்பிங் கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். இங்கே வந்ததும் வீட்டின் முன்னறையைக் கடையாக்கினார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், அட்டைகளுக்கு லேமினேஷன் போடும் பெட்டி, வந்தவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மனு எழுதுவதில் அவருக்கு ஒரு சுத்தம் இருந்தது. வந்தவர் சொல்வதைச் சொன்னபடியே அடிப்பார். 'நான்' என்று தொடங்கி அவர் வாயாகவே முடிப்பார். எழுதுகிறவர் மனுவுக்குள் தலையை நீட்டக் கூடாது என்பார். கடையில் உட்கார்ந்து பார்த்தால், காலையில் அவரே விவாகரத்து கேட்பார், மதியம் அவருக்கே ஓய்வூதியம் வராமல் இருக்கும், மாலையில் அவர் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கும்.

விமானப் புகார் தொடங்கியது என்னால்தான். எனக்கு வேலை விமான நிலையத்தில். வந்த விமானம் மறுபடி கிளம்புவதற்குள் ஓடி ஏறி இருக்கை, சாப்பாட்டுப் பலகை, கழிப்பறை எல்லாம் துடைத்துவிட்டு இறங்க வேண்டும். பகலெல்லாம் விமானத்தைத் துடைப்பேன். வீட்டுக்கு வந்து அது போட்ட கரியைத் துடைப்பேன். அண்ணன் வீட்டு மாடியில்தான் என் குடித்தனம். மொட்டை மாடியில் காயப்போட்ட என் குழந்தையின் துணியில் ஒரு நாள் கறுப்புப் பொடி அப்பிக் கிடந்தது. தட்டினால் போகவில்லை, தேய்த்தால் எண்ணெயாக இழுத்தது. அதைக் கையில் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனேன்.

"அண்ணி, இதை எங்க சொல்றது?"

"ஏர்போர்ட்காரங்களே நெட்டுல புகார் பக்கம் வச்சிருக்காங்க. போடலாம். பேர், நம்பர் கேக்கும்."

"என் பேரா? மேற்பார்வையாளர் பார்த்தா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவாரு."

அண்ணி யோசித்தார். "என் நம்பரைப் போடுறேன். என்னை யாரு வேலையை விட்டுத் தூக்க முடியும்? இந்தக் கடைக்கு நான்தான் முதலாளி, நான்தான் கூட்டுறவளும்."

அவ்வளவுதான். தெருவில் பாதிப் பேர் அந்தச் சுற்றுச்சுவருக்கு உள்ளேதான் சம்பளம் வாங்குகிறார்கள். பெட்டி தூக்குகிறவர், உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர், வாசலில் சீருடையில் நிற்கிறவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். உப்பிட்டவர் கூரையை அதிர வைத்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. ஆகவே எல்லாரும் அண்ணியிடம் வந்தார்கள். பெட்டி தூக்குகிறவரை நாங்கள் மூட்டை என்போம். அவர் வேலை முடிந்து வரும்போதெல்லாம் ஜன்னலில் தலையை விட்டு, "அக்கா, என் பேர்ல ஒண்ணு, உங்க பேர்ல போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். யார், எந்த வீடு, எத்தனை மணி, என்ன ஆயிற்று என்று அண்ணி ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். அதன் பிறகு தன் நம்பரில் புகாரைப் பதிவார். பழக்கம் விடுமா? எல்லாவற்றிலும் 'நான்' என்றே அடித்தார்.

எங்களுக்கு மிச்சமிருந்தது இரண்டு மணி நேரம். காலை நான்கிலிருந்து ஆறு வரை ஓடுபாதையை மூடி வைப்பார்கள். தெரு மொத்தமும் உண்மையாகத் தூங்குவது அப்போதுதான். என் குழந்தையும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அசையாமல் கிடக்கும். என் வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போய்விடுவார். நான் வேலைக்குப் போகும்போது குழந்தையைக் கீழே அண்ணியிடம் விடுவேன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. வாயாடியான நான்கூடப் பேசியதில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தையும் திறந்துவிடப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. பொதுமக்கள் கருத்தைக் கேட்டு ஒரு குழு முடிவு செய்யும், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நகரத்துக்கு நடுவில் ஒரு மண்டபத்தில். அண்ணி பையில் நோட்டை வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அண்ணன் லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். நானும் அந்த மண்டபத்துக்குப் போனேன். ஆனால் அண்ணியோடு இல்லை. எங்கள் மேற்பார்வையாளர் இருபது பேரைச் சீருடையோடு வேனில் ஏற்றிக் கொண்டுபோய், விமான நிலையத்தின் பக்கம் நாற்காலி நிறைய உட்கார வைத்தார். மூட்டை எனக்கு இரண்டு இருக்கை தள்ளி இருந்தார்.

அந்த மண்டபத்தில் வெளிச் சத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. சத்தத்தைப் பற்றிப் பேச நல்ல இடம் பார்த்திருந்தார்கள். சத்தப் பிரிவு அதிகாரி என்று ஒருவர் எழுந்தார். மரியாதையான மனிதர்தான், அதைச் சொல்லியாக வேண்டும். திரையில் படம் போட்டார்.

"போன வருஷம் எங்களுக்கு வந்த புகார் ரெண்டாயிரத்து நூத்திப் பதினாலு. அதுல ரெண்டாயிரத்து ஆறு ஒரே நம்பர்ல இருந்து வந்திருக்கு. ஒரே அம்மாதான்."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. அவர் ஒரு தாளை எடுத்தார்.

"இதைக் கேளுங்க. 'நான் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். எனக்கு வயது எழுபத்தெட்டு. காது மெஷினைக் கழற்றி வைத்தாலும் விமானம் மட்டும் கேட்கிறது.' மறுநாள் அதே நம்பர்: 'நான் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிறேன்.' இதுக்கெல்லாம் முன்னாடி, முதமுதல்ல வந்தது: 'என் ஆறு மாதக் குழந்தை திடுக்கிட்டு எழுந்து மூச்சுப் பிடித்து அழுகிறது. துணியெல்லாம் கரி. துவைத்தும் போகவில்லை.'" தாளை இறக்கினார். "அந்த அம்மாவுக்கு எத்தனை வயசுன்னு எங்களுக்கு இன்னும் புரியலை."

சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "அவங்களுக்குக் குழந்தையே கிடையாதுங்க!" என்றது. யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தெருக் குரல்தான். சிரிப்பு இரட்டிப்பானது. மேற்பார்வையாளர் திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்துச் சிரித்தார். மூட்டை சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தக் குழந்தை என் குழந்தை. அந்தத் துணி நான் சுருட்டிக்கொண்டு போன துணி. அந்த வரிகள் ஒவ்வொன்றும் என் வாயிலிருந்து வந்தவை. பயத்தில் சிரித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வெளியே தெரிந்தது பல்தான்.

அண்ணி எழுந்து நின்றார். பையின் ஜிப்பைத் திறந்து கையை உள்ளே விட்டார். நோட்டை எடுத்து நீட்டினால் போதும். ரெண்டாயிரத்து ஆறுக்கும் பேர், கதவு எண், நேரம் எல்லாம் அதில் இருந்தது. அப்படியே எங்கள் வரிசையை ஒரு தரம் பார்த்தார். இருபது சீருடை. கை வெறுமனே வெளியே வந்தது. ஜிப்பை இழுத்து மூடினார்.

"சொல்லுங்கம்மா" என்றார் குழுத் தலைவர்.

"நாலுல இருந்து ஆறு வரைக்கும் மூடியே வைங்க. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். எழுத்துமூலம் கருத்துச் சொல்ல வெள்ளிக்கிழமை வரை நேரம் உண்டு என்று அறிவித்துக் கூட்டத்தை முடித்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வேனில் வரும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் குழந்தையை வாங்கக் கடைக்குப் போனேன். அண்ணி அதை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் யாருடைய விண்ணப்பத்தையோ அடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த நோட்டைக் காட்டியிருக்கலாமே அண்ணி."

"காட்டியிருந்தா? முதல் பக்கத்துல முதல் பேரே உன்னோடதுதான்."

"என்னைப் பார்த்தீங்களா அங்க?"

"பார்த்தேன்." அவர் குரலில் ஒன்றுமில்லை. "குழந்தைக்கு லேசா மூக்கடைச்சிருக்கு. ஜன்னலை மூடியே வை."

நான் சிரித்ததைப் பார்த்தீர்களா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி அந்தக் கணக்கை முடித்திருப்பேன். அவர் குழந்தையின் மூக்கைத் துடைத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கதை கேட்பவர்களுக்கு முடிவு தெரிந்தாக வேண்டும், அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் தெருவிலிருந்து முப்பத்தெட்டுப் புகார்கள் போயின, முப்பத்தெட்டு வேறு வேறு நம்பரிலிருந்து. மூட்டை தன் சீருடையிலேயே வந்து, ஜன்னல் வழியாக இல்லாமல் வாசல் வழியாக வந்து, தன் போனிலேயே போட்டார். குழு பாதி கேட்டது. ஐந்திலிருந்து ஆறு வரை திறந்துவிட்டார்கள், நான்கிலிருந்து ஐந்து வரை இன்னும் மூடியே இருக்கிறது. பாதிக் கிணறு தாண்டினால் உள்ளேதான் விழ வேண்டும் என்பார்கள். என் குழந்தை அந்தப் பாதியில்தான் தூங்குகிறது. என்னை விமானத்திலிருந்து எடுத்து வண்டி நிறுத்துமிடத்துக் கழிப்பறைகளுக்கு மாற்றினார்கள். காரணம் எழுதித் தரவில்லை. மூட்டையை ஒன்றும் செய்யவில்லை. அவரைப் போல் பெட்டி தூக்க அங்கே ஆள் இல்லை.

முதல் புகார் போனது அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே. அண்ணியின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நகருங்க, நான் அடிக்கிறேன்" என்றேன். என் பேரை அடித்தேன். அண்ணி கையைப் பிடித்தார்.

"வேலை போயிடும்டி."

"போகட்டும் அண்ணி. விடுங்க."

ஒரு விரலால் தேடித் தேடி அடித்தேன், முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். யார் எழுதினாலும் அனுப்புவதற்கு முன் ஒரு தரம் சரிபார்ப்பது அவர் தொழில்.

"தப்பா இருக்கே. நேரம் செவ்வாய் காலை பதினொன்றரைன்னு போட்டிருக்கே. அப்போ நீ மண்டபத்துல இருந்தே. அங்க விமானச் சத்தமே கேக்கலையே."

"கீழே பாருங்க."

என்ன சத்தம் என்ற கேள்விக்குப் புறப்பாடு, தரையிறக்கம், மற்றவை என்று மூன்று கட்டம் இருந்தது. நான் மற்றவையைத் தொட்டிருந்தேன். அதற்குக் கீழே, உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு என்ன என்ற பெரிய கட்டம். அண்ணி வழக்கம்போல வாய்விட்டே படித்தார்.

"'உங்களுக்கு வந்த புகாரில் இருந்த அந்த ஆறு மாதக் குழந்தை என்னுடையது. அதைப் பார்த்துக்கொள்வது என் அண்ணி. என் வேலை போய்விடக் கூடாது என்று அவர் தன் நம்பரைக் கொடுத்தார். இன்று எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும்'"

அப்போது தலைக்கு மேல் விமானம் வந்தது. அண்ணி அந்தச் சொல்லிலேயே நிறுத்தினார். ஜெராக்ஸ் மெஷினின் மூடி நடுங்கியது. குழந்தை திடுக்கிட்டு அவர் புடவையைப் பற்றிக்கொண்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் சுவருக்கு அப்பால் போய்ச் சேர்ந்தது. எங்கள் தெருவில் விட்ட இடத்திலிருந்து தொடராதவர்கள் யாரும் கிடையாது. அண்ணி தொடரவில்லை. மிச்சமிருந்த ஒரு சொல்லைப் படிக்காமலே கையை நீட்டி, அனுப்பு என்ற பொத்தானை அமுக்கினார்.