புருல் வரைந்த ஓரக்கோடு

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பதினோரு வருடம் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஏரிக்கரைக்குப் போகும் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். ஒருவன் கண்ணை மூடியிருந்தால், தூங்குகிறானா நடிக்கிறானா என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்த வேலையை விட்டு, ஆடு மாடு குதிரை விற்கவும் வாங்கவும் ஆப் நடத்தும் சின்னக் கம்பெனியில் புகார் கேட்கும் நாற்காலிக்கு வந்த பிறகும் என் கண் மாறவில்லை. வந்த முதல் வாரமே அது புருல் மீது விழுந்தது.

புருலுக்கு நாற்பது வயது இருக்கும். அட்-பாஷி மலைப் பக்கத்து மேய்ப்பர் வீட்டுப் பெண். கணவர் லாரி ஓட்டப் போய் முதுகு ஒடிந்து வீட்டோடு கிடக்கிறார். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. வேலை, ஆப்பில் இருக்கும் பொத்தான்களுக்கு உருவம் கொடுப்பது. மூலை எவ்வளவு வளைய வேண்டும், ஓரக்கோடு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், அழுத்தினால் என்ன நிறமாக மாற வேண்டும். இதற்கெல்லாம் சம்பளம் கொடுத்து ஒரு ஆளா என்று எனக்கு அப்போதே எரிச்சல்.

போதாததற்கு, அவள் மேஜை இழுப்பறையில் பூப்போட்ட தலைத்துணியில் சுற்றிய ஆறு பழைய போன்கள். எல்லாமே கண்ணாடி உடைந்தவை. கட்டைவிரலில் ஆட்டுக்கொழுப்பைத் தடவிக்கொண்டு அழுத்திப் பார்ப்பாள். கம்பளிக் கையுறை போட்டு அழுத்துவாள். போனை வெயிலில் பிடித்துக் கண்ணை இடுக்குவாள்.

"ஏம்மா, ஒரு ஆளுக்கு எதுக்கு ஆறு போன்?" என்று கேட்டேன்.

"எனக்கில்லண்ணே. சந்தைக்காரங்க கையில இப்படித்தான் இருக்கு. நல்ல போன்ல பட்டன் அழகாத்தான் தெரியும். இதுல தெரியணும்ல."

பதில் தயாராக வைத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆப்பில் முக்கியமான பொத்தான் ஒன்றுதான்: 'சம்மதம்'. வாங்குபவர் விலையைப் போட்டு அனுப்புவார், விற்பவர் அதை அழுத்தினால் விலங்கு கைமாறிவிடும். புருல் அதற்கு ஒரு வினோதமான ஓரக்கோடு போட்டிருந்தாள். கட்டைவிரலை வைத்தால் இடது மூலையிலிருந்து கோடு கிளம்பி, பொத்தானைச் சுற்றி மெதுவாக ஊர்ந்து வரும். நாலு வாய் டீ குடிக்கும் நேரம் ஆகும். இரண்டு முனையும் சேர்ந்தால்தான் விற்பனை. நடுவில் விரலை எடுத்தால் கோடு அழிந்துவிடும், ஒன்றும் நடக்காது.

ஆபீஸில் எல்லோரும் அதைப் பார்த்து முனகினார்கள். நானும் என் பங்குக்கு இரண்டு வார்த்தை சொன்னேன். முதலாளி எர்மெக் முப்பது வயதுப் பையன், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்பவன். கோட்டை எடுத்துவிடச் சொன்னான். புருல் அவன் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"அந்தக் கோடு இருக்கட்டும் தம்பி. அது அலங்காரத்துக்கு இல்ல."

"அப்புறம் எதுக்குக்கா?"

"ஞாயித்துக்கிழமை தோக்மோக் சந்தைக்கு வாங்க, காட்டுறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாணிக்குள் போய் நிற்க யாருக்குத் தலையெழுத்து? ஒருவரும் போகவில்லை. கோடு போயிற்று. பொத்தான் வழவழவென்று பச்சையாக, தொட்டால் முடிந்தது வேலை என்று ஆனது. ஒரு கோட்டுக்காக இவள் ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறாள் என்பதை மட்டும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரமே புகார் வர ஆரம்பித்தது. முதல் ஆள் கெமின் ஊரிலிருந்து துர்டாகுன் என்ற கிழவர்.

"என் பொட்டைக் குதிரைய நான் வித்துட்டேன்னு உன் போன் சொல்லுதே, நான் சொன்னேனா?"

"பட்டனை அழுத்தியிருக்கீங்களே ஐயா."

"அழுத்தினா? அழுத்தினா வித்ததா ஆயிடுமா? எந்த ஊர்க்காரன்டா நீ?"

மொத்தம் பதினேழு பேர். எல்லாம் தோக்மோக் சந்தை. எல்லோரும் ஒரே பாட்டு: அழுத்தினேன், ஆனால் விற்கவில்லை. டிக்கெட் எடுத்தேன், ஆனால் காணோம் என்பவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவன் நான். ஆனால் பதினேழு பேர் சேர்ந்து பொய் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் வேறு யாரோ விளையாடுகிறார்கள். வாங்கியவர்கள் பட்டியலை எடுத்தேன். ஒன்பது இடத்தில் ஒரே பெயர்: பெய்ஷேன். இரண்டு நாள் விசாரித்ததில் அந்தப் பெய்ஷேன் யார் என்று தெரிந்தது. புருலின் கணவருக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

என் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று என்பதை மறைக்க மாட்டேன். ஓடிப்போய் எர்மெக்கிடம் வைத்தேன். புருலைக் கூப்பிட்டார்கள்.

"ஆமா, என் வீட்டுக்காரரோட அண்ணன்தான். தோக்மோக்ல பாதிக் குதிரை அவருதான் வாங்குறாரு. அவரு பேரு வராம வேற யாரு பேரு வரும்?"

"கோட்டை எடுக்குற சாக்குல அந்தப் பட்டனை மாத்தி எழுதினது உங்க கைதானே?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன்" என்றாள், என்னையே பார்த்தபடி. டிக்கெட் இல்லாதவர்களும் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"திங்கக்கிழமை வரைக்கும் வீட்ல இருங்கக்கா. அன்னைக்கு முடிவு சொல்றேன்" என்றான் எர்மெக். போலீஸுக்கும் எழுதப் போவதாகச் சொன்னான். புருல் தலைத்துணி மூட்டையை எடுத்துக்கொண்டாள். வாசலில் என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தடவை சந்தைக்குப் போயிட்டு வாங்கண்ணே. போயிட்டு வந்து திருடின்னு சொல்லுங்க."

போனேன். அவளுக்காக அல்ல, பெய்ஷேனோடு சேர்த்து அவளை மடக்குவதற்காக.

நான் பிஷ்கெக்கில் பிறந்து ரயிலில் காலம் தள்ளியவன். குதிரையைத் தட்டில் இறைச்சியாகத்தான் பழக்கம். தோக்மோக்கில் லாரிகளுக்கு நடுவே இறைச்சி வைத்துச் சுட்ட ஒரு சம்சாவைக் கடித்தபடி நின்று வேடிக்கை பார்த்தேன். விற்பவர் முதலில் கையைக் கொடுக்கிறார். வாங்குபவர் பிடிக்கிறார். தரகர் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துத் தோளே கழன்றுவிடும்போல உலுக்குகிறார். விலை அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது! பிடித்த கை பிடித்தபடி இருக்க, விலை ஏறுகிறது, இறங்குகிறது, திட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். பிடிக்கவில்லையென்றால் கையை உருவிக்கொள்ளலாம், ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. படிந்தால் கடைசியில் பளீரென்று ஒரு தட்டு, கை பிரியும். அதுதான் விற்பனை.

வலது கை பேரத்தில் இருக்க, எல்லோருடைய இடது கையிலும் எங்கள் ஆப். முதல் விலை வந்ததுமே கட்டைவிரலை 'சம்மதம்' மேல் வைத்துவிடுகிறார்கள், கை கொடுப்பது போல. கிணிங் என்றது ஒரு போன்.

"அடப்பாவி, வித்துட்டேன்னு சொல்லுதுடா! இப்பத்தானடா கையே குடுத்தேன்!"

பாதி சம்சாவோடு அந்தப் போனை எட்டிப் பார்த்தேன்.

ஒரு பொட்டைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு பருத்த ஆள் ஒருவர் என் எதிரே வந்து நின்றார். "போன் கம்பெனி ஆளா நீ? சட்டையைப் பாத்தாலே தெரியுது. நான் பெய்ஷேன்."

"உங்களைத்தான் தேடி வந்தேன்."

"நல்லது, இதைப் பிடி. கெமின் கிழவன் குதிரை. திருப்பிக் குடுக்கலாம்னா என் போனையே எடுக்க மாட்டேங்குறான். இதுவரைக்கும் எட்டு திருப்பிட்டேன் தம்பி. முப்பது வருஷமா வாங்குறேன், இப்ப எல்லாரும் என்னைத் திருடனைப் பாக்குற மாதிரி பாக்குறாங்க."

"எட்டும் திருப்பிட்டீங்களா?"

"பின்னே, கை பிரியாம வந்த குதிரையைத் தின்னா செரிக்குமா? முன்னாடி அந்தக் கோடு இருந்தப்ப ஒரு தகராறும் இல்ல. எங்க வீட்டுப் பொண்ணு, தம்பி பொண்டாட்டி, நாலு ஞாயிறு இந்தச் சாணியில நின்னா. கையில கடிகாரம். ஒவ்வொரு பேரத்துக்கும் கை எவ்வளவு நேரம் பிடிச்சிருக்காங்கன்னு பாத்துப் பாத்து எழுதினா. கோடு ஓடுற வரைக்கும் கை பிடியில இருக்கு. விரலை எடுத்தா கையை உருவியாச்சு. கோடு சேந்தா தட்டியாச்சு. இங்க படிக்கத் தெரியாதவனுக்கும் புரிஞ்சுது." குதிரையின் கழுத்தைத் தட்டினார். "எந்த மடையன் அதை அழிச்சான்?"

"தெரியலண்ணே" என்றேன்.

தெரியும். திரும்பி வரும் வேனில் போனைத் திறந்து, ஆபீஸ்காரர்கள் ஆப்பைப் பற்றிக் கருத்து எழுதும் பக்கத்தில் தேடினேன். நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தை அங்கே கிடந்தது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை எழுதியிருந்தேன்: "இந்தக் கோடு எதற்கு? நேரம் வீண். உடனே எடுக்கவும். கென்ஜேபெக்." எடுக்கச் சொல்லி எழுதியவன் ஆபீஸிலேயே நான் ஒருவன்தான். மற்றவர்கள் முனகியதோடு சரி. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

திங்கட்கிழமை எர்மெக் வேலைநீக்கக் கடிதத்தை அச்செடுத்து வைத்திருந்தான். புருல் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் சந்தையில் பார்த்ததைச் சொன்னேன். பிறகு நான் எழுதிய மூன்றையும் போனில் எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

எர்மெக் படித்தான். வேலைநீக்கக் கடிதத்தை நாலாக மடித்துக் கிழித்தான். "அக்கா, கோட்டை எடுக்கச் சொல்லி எழுதினது கென்ஜேபெக் அண்ணன்தான்னு உங்களுக்குத் தெரியுமே. அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, தப்பிக்கிறதுக்கு அவர் மேல பழி போடுறேன்னுவீங்க. அண்ணன் அதுக்கும் சாட்சி கேட்டிருப்பாரு."

கேட்டிருப்பேன். நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன். "மன்னிச்சிரும்மா."

புருல் கையைப் பிடித்தாள். இறுக்கமாக. விடவில்லை.

"அந்தப் பதினேழு பேரையும் நீங்களே கூப்பிடணும். யாரு சொல்லி அந்தக் கோடு போச்சுன்னு நீங்களே சொல்லணும்."

"கம்பெனி தப்புன்னு சொன்னா போதாதா?"

"உங்க பேரைச் சொல்லணும்."

கை பிடித்தபடியே இருந்தது. எர்மெக் ஜன்னல் பக்கம் பார்த்தான். உருவிக்கொண்டால் ஏன் என்று கேட்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு அது தெரியும்.

"சரிம்மா" என்றேன்.

பளீரென்று என் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டிக் கையை விட்டாள். அது சிவந்துபோய் எரிந்தது. அந்தக் கையாலேயே கெமின் கிழவரின் எண்ணை அழுத்தினேன்.

"யாரு?" என்றார் துர்டாகுன்.

என் பெயரைச் சொன்னேன்.