அடுத்த வீட்டு ஆல்பம்

நம் நகருக்கு வரலாறு எழுதப்போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "எந்த நகருக்கு?" என்பதுதான். கேட்டதில் தப்பில்லை. ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் உள்ளே திரும்பினால் வருகிற நாலு தெருவுக்கு வரலாறு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? வாசலில் ஒரு வளைவு உண்டு. பெயிண்ட் உதிர்ந்து, நகரின் பெயரிலேயே பாதிதான் மிச்சம்.

ஆனால் எங்கள் அசோசியேஷன் தலைவர் ஒரு முடிவு எடுத்துவிட்டால் எடுத்ததுதான். ஊர் நூலகத்தில் உள்ளூர் ஆவணங்களுக்கென்று ஒரு அலமாரியைக் காலி செய்து வைத்திருக்கிறார்களாம். அதில் நம் நகரின் முதல் குடும்பங்களையும் முதல் வீடுகளையும் பற்றி ஒரு கோப்பு போய் உட்கார வேண்டுமாம். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம். படம் அந்தக் காலத்து வீட்டைக் காட்ட வேண்டும். இந்த வேலை என் தலையில் விழுந்தது. கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதைக் கொடுத்தாலும் நொட்டை சொல்வேன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அது ஒரு தகுதி என்று தலைவர் நினைத்திருக்கிறார்.

தலைவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். எங்கள் நகர் நிற்பதே அவருடைய அப்பா வேர்க்கடலை போட்ட நிலத்தில். நிலம் மனைகளாகி விற்றுப்போன பிறகு இவர் ஜேசிபி வாங்கி வாடகைக்கு விடுகிறார். எங்கள் வீடுகளின் கடைக்காலில் பாதி அவர் வண்டி தோண்டியதுதான்.

"மொதல்ல வந்தது நீங்க ஏழு வூடுதான் சார். அத்த எழுதுங்க. அதுக்கு முன்னாடி அங்க எங்க வேர்க்கடலை இருந்திச்சி. அதுக்கும் ஒரு வரி போட்ருங்க" என்றார்.

போட்டேன். கோப்பின் முதல் வரியே வேர்க்கடலைதான்.

இரண்டாவது வரியிலேயே வண்டி நின்றுவிட்டது. குடும்பத்தாரின் பெயரை எழுத வேண்டும். எனக்கு ஒருத்தர் பெயரும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். இங்கே ஒருவரை ஒருவர் ஊரைச் சொல்லித்தான் கூப்பிட்டோம். கம்பத்துக்காரர், திண்டுக்கல்காரர், விருதுநகர்காரர் என்றே காலம் ஓடிவிட்டது. நான் தூத்துக்குடிக்காரர். உண்மையில் எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். சாமான் ஏற்றி வந்த லாரியின் நெற்றியில் தூத்துக்குடி என்று எழுதியிருந்தது, அதோடு என் ஜாதகம் முடிந்தது. சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திண்டுக்கல்காரர் வீட்டுக்குப் போய், "உங்க பேரு என்னண்ணே?" என்று கேட்டேன். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

"பேரு தெரியாமலா இத்தன வருசம் எங்க வீட்டு விசேசத்துல சாப்ட்ட?"

"சரி, எம் பேரச் சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "தூத்துக்குடிக்காரர் வந்திருக்காப்ல, காபி போடு" என்று குரல் கொடுத்தார்.

பெயர்களை எப்படியோ சேர்த்துவிட்டேன். படம்தான் என்னைப் படாதபாடு படுத்தியது. ஏழு வீட்டிலும் ஆல்பம் இருக்கிறது. ஏழிலும் பால் காய்ச்சிய படம் இருக்கிறது. பால் பொங்குகிறது, மாமியார் சிரிக்கிறார், மச்சான் சட்டைப் பையில் பேனாவோடு விறைப்பாக நிற்கிறார். வீடு எங்கே என்றால், அவர்கள் எல்லோருக்கும் பின்னால். கடன் வாங்கி, பி.எஃப். பணத்தை எடுத்து, நகையை வைத்துக் கட்டிய வீட்டை ஒரு பயலும் படம் எடுக்கவில்லை. சொந்தக்காரர்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தி வீட்டை மறைத்துவிட்டு, அவர்களைத்தான் எடுத்திருக்கிறோம். என் ஆல்பத்திலும் அதே கதைதான் என்பது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

இந்தக் கோப்பு எங்களில் ஆறு பேருக்கு ஒரு பொழுதுபோக்கு. கம்பத்தக்காவுக்கு மட்டும் அப்படியில்லை.

கம்பத்தக்கா எங்கள் பக்கத்து வீடு. கணவர் கம்பத்து அண்ணன் இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தார். முழங்கால் வலி, மகன் ஓசூரில். கடைசியில் மகன் சொன்னபடி வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் அதை இடித்துவிட்டு, சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் கம்பெனிக்குப் போகிற பெண்களுக்காக லேடீஸ் ஹாஸ்டல் கட்டப்போகிறார். பொங்கல் முடிந்ததும் இடிப்பு. இடிக்க வருவது யாருடைய ஜேசிபி என்று சொல்ல வேண்டியதில்லை. தலைவருக்கே அது சங்கடமாகத்தான் இருந்தது.

மார்கழியில் ஒரு காலை அக்கா தன் ஆல்பத்தை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார்.

"தம்பி, இதுல எங்க வீடு ஒழுங்கா விழுகல. அவரும் இல்ல. கேமரா அவரு கையிலதான இருக்கும். எங்கள எல்லாம் நிக்க வச்சு எடுத்தாரு, அவர எடுக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. எங்கிட்ட அவரு படம்னு இருக்கறது கல்யாணப் படமும் கம்பெனி ஐடி கார்டும்தான். இந்த வீட்டுல அவரு இருந்த மாதிரி ஒண்ணு வேணும். வீடு போறதுக்குள்ள தேடிக் குடுங்க" என்றார்.

இருந்தால் அல்லவா தேட முடியும்? வாய்வரை வந்தது, சொல்லவில்லை. "பாக்கேன்க்கா" என்றேன். அன்றைக்கு முழுவதும் காரணமில்லாமல் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

வழி காட்டியது திண்டுக்கல்காரர்தான், அதுவும் சண்டை பிடித்து. எங்கள் வீட்டுக்கு வந்தவர் மேசையில் கிடந்த என் ஆல்பத்தைச் சும்மா புரட்டினார். புரட்டியவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

"யோவ், இது எங்க வீடுய்யா. இத ஏன்யா இத்தன நாளா ஒளிச்சு வச்சிருக்க?"

பார்த்தேன். என் மாமியார் தோளுக்குப் பின்னால், தெருவுக்கு எதிர்ப்பக்கம், சவுக்குச் சாரம் கட்டிய நிலையில் அவர் வீடு முழுசாக நிற்கிறது. பூச்சு இல்லாத செங்கல் சுவர், ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, வாசலில் மணல் குவியல். கோப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? இத்தனை வருடமாக அந்தப் படத்தில் என் மாமியாரை மட்டுமே பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் இருக்கும் இடத்தில் வேறு எதையும் பார்க்க விடமாட்டார் என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் புரிந்தது. அவரவர் வீட்டை அவரவர் ஆட்கள் மறைத்திருக்கிறார்கள். அடுத்தவன் வீட்டுப் படத்தில், யாரும் கவனிக்காத மூலையில் அது பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏழு வீட்டுக்காரர்களையும் ஆல்பத்தோடு அசோசியேஷன் அறைக்கு வரச்சொன்னேன். அறை என்றால் மோட்டார் ரூம்தான். நாற்காலி போட்டால் அது அறை.

அன்றைக்கு அங்கே நடந்ததை எழுதினால் தனிக் கோப்பு ஆகும். விருதுநகர்காரர் வீடு திண்டுக்கல்காரர் மகளின் காதுகுத்துப் படத்தில், ஆட்டுக்குப் பின்னால் கிடைத்தது. என் வீடு இன்னொருவர் புது ஸ்கூட்டருக்குப் பின்னால் இருந்தது. மொட்டை மாடியில் என் பனியன்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஓட்டையான பனியனைக் கோப்பில் சேர்க்கக் கூடாது என்றேன். தலைவர் கேட்கவில்லை. "வரலாறு வரலாறுதான் சார்" என்றார்.

கம்பத்தக்கா வீடும் கிடைத்தது. விருதுநகர்காரர் ஆல்பத்தில் தெளிவாகவே இருந்தது. நீல இரும்பு கேட், முருங்கைக் கன்று, படியில் ஒரு வாளி. ஆள் யாரும் இல்லை.

"நல்ல படம்க்கா. கோப்புக்கு இது போதும்" என்றேன்.

"கோப்புக்குப் போதும் தம்பி. எனக்குப் போதாது" என்றார் அக்கா. பிறகு அடுத்த ஆல்பத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஏழு ஆல்பமும் தீர்ந்தது. அண்ணன் எதிலும் இல்லை. அவர் கை இருந்தது, ஒரு பந்தியில் சாம்பார் ஊற்றுகிற கை. வாட்ச்சை வைத்து அக்கா கண்டுபிடித்தார். எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. மோட்டாரைத் தவிர வேறு ஆள் இல்லை.

அப்போது என் மனைவி, "ஏங்க, நீங்க வாயத் தொறந்த படம்?" என்றாள்.

அது ஆல்பத்தில் இடம் பிடிக்காத படம். என் மகளின் முதல் பிறந்தநாளை மொட்டை மாடியில் கொண்டாடினோம். கேக்குக்கு முன்னால் எல்லோரும் நிற்க, சரியாக கிளிக் செய்கிற நேரத்தில் நான் தலையைத் திருப்பி யாரையோ பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். படம் கழுவி வந்தபோது பிலிம் போன வருத்தத்தில் மனைவி என்னை ஒரு வாரம் திட்டினாள். கழித்துப்போட்ட படங்களோடு அதை பீரோவில் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தாள். வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

கேக் இருக்கிறது. மகள் அழுகிறாள். நான் பாதி முகத்தோடு வாய் பிளந்து நிற்கிறேன். என் வாய் பார்க்கிற திசையில், அடுத்த மாடியில், கம்பத்து அண்ணன். லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் ஏதோ துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் ஹோஸ் பிடித்து, புதிதாகக் கட்டிய கைப்பிடிச் சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். மறுகையை எங்களைப் பார்த்து ஆட்டுகிறார். சிரிக்கிறார்.

எனக்கு அந்த நாள் அப்படியே திரும்பி வந்தது. அப்போதெல்லாம் வீட்டைப் பாதியில் விட்டே குடிவந்தோம், மிச்சத்தைக் கை கூடும்போது கட்டினோம். புதுச் சுவரைக் காயாமல் நனைத்துக்கொண்டே இருந்தால்தான் கெட்டியாகும். ஆனால் எல்லோரும் ஷிஃப்ட் வேலை. அதனால் பகல் ஷிஃப்ட் போனவன் சுவருக்கு, நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன் தண்ணீர் விடுவான். நகரில் அப்போது என் வீட்டில் மட்டும்தான் போர்வெல், ஏழு வீட்டுக்கும் அங்கிருந்துதான் ஹோஸ் ஓடும். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவன் சுவருக்கு, லீவில் இருப்பவன். அன்றைக்கு நான் லீவு, அண்ணன் சுவர் என் முறை. விசேஷம் என்று தெரிந்ததும், நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்க வேண்டியவர், தானே எழுந்து வந்துவிட்டார். நான் கத்தியது, "அத விட்டுட்டு வாங்கண்ணே, கேக் வெட்டப் போறோம்" என்று. அவர் கையை ஆட்டியது, நீங்கள் வெட்டுங்கள், சுவர் காய்ந்துவிடும் என்பதற்காக.

அக்கா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"தலையில சுத்தியிருக்கறது எஞ்சேல. கிழிஞ்சுபோச்சுன்னு கரித்துணிக்குப் போட்டது. அத எடுத்துச் சுத்தியிருக்காரு பாரு" என்றார். சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிரம்பிவிட்டது. திண்டுக்கல்காரர் எழுந்துபோய் ஃபேன் ரெகுலேட்டரைத் தேவையில்லாமல் திருகினார்.

படத்தை இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று அக்காவோடு போயிற்று. இன்னொன்று கோப்பில், கம்பத்துக்காரர் வீடு என்கிற பக்கத்தில் இருக்கிறது. நூலகம் உள்ளவரை நானும் அதில் வாய் பிளந்து நிற்பேன். "கடைசில ஒங்க வாயும் வரலாறாப் போச்சு" என்றாள் மனைவி.

பொங்கலுக்கு முன்பே மகன் வந்து அக்காவை அழைத்துப்போனான். "இடிக்கிறப்ப எனக்குச் சொல்லாதீக தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

இடிக்கிற நாளில் தலைவர் தானே ஜேசிபி ஓட்டி வந்தார். டிரைவரை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. முன்பக்கத்து ஷெட்டும் கேட்டும் போன வேகத்தைப் பார்த்தால் காபி நேரத்துக்குள் முடிந்துவிடும் போலிருந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரிடம் வந்ததும் வண்டி திணறியது. இடித்தார், இழுத்தார், பின்னால் போய் மறுபடி வந்தார். விளிம்பு கொஞ்சம் உதிர்ந்தது, சுவர் அப்படியே நின்றது. வண்டியை நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"இன்னா சார் இது? நானும் எத்தினியோ வூடு இட்ச்சிக்கீறேன். இம்மாங் கெட்டியா ஒரு சுவரப் பாத்ததில்ல. இன்னாத்த சார் போட்டாரு இதுல?"

"தண்ணி" என்றேன்.

சொல்லக் கூடாது என்று அக்கா சொன்னது நன்றாக நினைவிருந்தது. இருந்தும் போனை எடுத்துவிட்டேன். இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. வண்டி காலையிலிருந்து முட்டுகிறது, அண்ணன் சுவர் விழ மாட்டேன் என்கிறது என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன்.

"நான் கெளம்பி வந்துட்டேன் தம்பி. அவருதான் இன்னும் கெளம்ப மாட்டேங்கறாரு" என்றார் அக்கா.

உடனே அவரே தொடர்ந்தார்.

"மணி என்னாச்சு? அந்த வண்டிக்காரத் தம்பியச் சாப்புடச் சொல்லுங்க. ஒங்க வீட்டுலயே ரெண்டு வாய் போட்டு அனுப்புங்க. எங்க வீட்டு வேலைக்கி வந்த ஆளு, பசியோட நிக்கக் கூடாது."

தலைவரை எங்கள் மாடிக்கு அழைத்துப்போய் இலை போட்டோம். மனைவி ரசம் ஊற்றினாள். தலைவர் நிமிர்ந்து அடுத்த மாடியைப் பார்த்தார், பிறகு குனிந்து அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். அவர் கை கழுவும் வரை அண்ணனின் சுவர் நின்றுகொண்டிருந்தது.