சித்தப்பாவின் எலும்புக் கல்

சித்தப்பா தரைக்கு டைல்ஸ் ஒட்டுபவர். வேலை நடந்த வீட்டுக்குப் பின்னால், அஸ்திவாரம் தோண்டிக் கொட்டிய மண்ணில் அந்தக் கல்லைக் கண்டெடுத்தார். உள்ளங்கை அகலம். நடுவில் ஒரு கோடு, இரு புறமும் மீன் முள் போலக் கிளைகள்.

ஏதோ ஓர் உயிர் கல்லாகிப்போன புதைபடிவம் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. பழைய எலும்பு நாக்கில் ஒட்டும் என்று யாரோ சொல்ல, நக்கிப் பார்த்தார். ஒட்டியும் ஒட்டாமலும் இருந்ததாம். வேலையிடத்தில் ‘எலும்பு மேஸ்திரி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். கூடவே வேலை செய்யும் சித்தியின் தம்பி, “மாமா, பேப்பர்ல உங்க போட்டோ வந்தா பக்கத்துல நானும் நின்னுக்கறேன்” என்பான். சித்தப்பா நிஜமாகவே அவனுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்.

அருங்காட்சியகத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். அங்கே கற்களை ஆராயும் பெண் அதிகாரிக்கு நம் மொழி வராது; அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நான்தான் சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டும். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கல்லின் உடைந்த ஓரத்தைத் திருப்பினார். உள்ளே ஓர் உயிர் இருந்திருந்தால் அதன் தடம் அந்த ஓரத்திலும் தெரிய வேண்டும், இது மேற்பரப்போடு நின்றுவிட்டது என்றார். கல் பழுப்பேறியிருக்க, கோடுகளின் அடி மட்டும் வெளுப்பாக, புதிதாக இருந்தது. அரம் போட்டு இழுத்த கோடுகள்.

“யாரோ கீறியிருக்காங்களாம், சித்தப்பா.”

அவரும் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். எல்லாக் கோடுகளும் இடப்பக்கம் தேய்ந்து முடிந்தன. இடது கைக்காரன் இழுப்பு. டைல்ஸ் ஓரத்தை மச்சினன் அப்படித்தான் தேய்ப்பான். தினமும் பார்க்கிற கை.

வீட்டுக்கு வந்ததும் சித்தியிடம் கேட்டார்.

“உன் தம்பி வேலை. உனக்குத் தெரியுமா?”

சித்தி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “விளையாட்டுக்குத்தான் செஞ்சான். நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?”

வேலையிடத்தில் எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டார். சித்தி மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தார்.

“அவனுங்க சிரிச்சாப் போகுது. நீ சோறு போட்டுக்கிட்டே, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டியே.”

மறுநாள் காலை மச்சினன் வழக்கம்போல வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான். சித்தப்பா சட்டை போட்டுத் தயாராகத்தான் நின்றார். கதவைத் திறக்கப் போன சித்தியை, வேண்டாம் என்று கையால் நிறுத்தினார். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகு வெளியே வந்து, வேறொரு மேஸ்திரியிடம் வேலை கேட்கப் பஸ் ஏறிப் போனார்.