எங்கள் வீட்டு மஞ்சள் புள்ளி

வார்டு எல்லையை மாற்றுகிறார்கள் என்றால் முன்பெல்லாம் எங்கள் கூடத்தில் திருவிழாதான். ஸ்ரீவராகம் பகுதியில் என் கணவரின் கட்சிக்கு எங்கள் வீடே ஆபீஸ். கட்சிக்காரர்கள் பெரிய காகித வரைபடத்தைத் தரையில் விரிப்பார்கள். அது சுருண்டுகொள்ளாமலிருக்க நாலு மூலையிலும் என் காப்பி டம்ளர்களை வைப்பார்கள். சாலையோரமாக, வாய்க்காலோரமாக ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுச் சண்டை பிடிப்பார்கள். அந்தப் படத்தில் தெரு தெரியும், வீடு தெரியாது.

அந்த வீட்டில் இருந்துகொண்டு, கல்யாணமான நாள் முதல் நான் எதிர்க்கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டு வருகிறேன். அவரிடம் சொன்னதில்லை. சேர்ந்தே போவோம், விரலில் மையோடு சேர்ந்தே திரும்புவோம். வழியெல்லாம் அவர் யார் ஜெயிப்பார்கள் என்று கணக்குச் சொல்வார், நான் 'ம்' கொட்டுவேன். மற்ற எல்லாவற்றிலும் அவர் இஷ்டம்தான். ஓட்டுப் போடும் மறைவில் நின்ற அந்த ஒரு நிமிஷம் மட்டும் என்னுடையது.

இந்த முறை காகிதம் வரவில்லை. கட்சிக்காக ஒரு மென்பொருள்காரன் லாப்டாப்போடு வந்தான். பழவங்காடியில் கடை வைத்திருக்கும் குடும்பத்து இளைஞன். வார்டு எல்லை குறித்துக் கட்சி கொடுக்க வேண்டிய ஆட்சேபத்துக்காகத் திரையிலேயே கோடு போட்டுக் காட்டினான். ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. நீலம் நம்மவர்கள், கறுப்பு மற்றவர்கள், மஞ்சள் என்றால் சந்தேகம். கோட்டை விரலால் நகர்த்தினால் யாருக்கு எத்தனை ஓட்டு என்று கீழே எண்கள் மாறின.

என் கணவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நம்மாத்துப் புள்ளி ஏன் மஞ்சளா இருக்கு?"

"இங்க ரெண்டு வோட்டுல்லா சார். ஒண்ணு உறப்பு, நமக்குத்தான். மத்தது டவுட்டாக்கும்."

"யார் சொன்னா?"

"ஆரும் சொல்லல்ல சார். வயசு, பாத்த வேலை, போன்ல எந்தெந்த குரூப்பு, எல்லாம் கூட்டி சிஸ்டமே ஊகிக்கும்."

நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸ்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்தான் காட்டிக்கொடுத்ததோ? காலை வணக்கமும் பூப்படமும் தவிர அதில் ஒன்றும் வராதே. பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம். புருஷனுக்கே சொல்லாததை ஒரு பெட்டி நடுக்கூடத்தில் வைத்துச் சொல்கிறது.

"உன் சிஸ்டத்துக்குப் புத்தி கெட்டுப்போச்சு," என்று அவர் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவன் கோட்டை மறுபடி இழுத்தான். "இந்த வரிசை மஞ்சளைப் பூரா அடுத்த வார்டுக்குத் தள்ளினா நமக்கு சேஃப் சார். பின்னே, சாருக்க வீடும் போவும். வேண்டாம்னா விட்டிரலாம்."

வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். இந்த வார்டில் அவர் ஏறி இறங்காத படி கிடையாது. மகன் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டபோதுகூட வார்டை விட்டு எப்படி வருவது என்று கேட்ட மனுஷன்.

அவர் திரையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரேஷன் கடையில் தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி, நிதானமாக.

"தள்ளிடு," என்றார்.

அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்யாவது சொல்லியிருப்பேன். சாப்பாடு, மருந்து, சாயங்கால நடை எல்லாம் வழக்கம்போல நடக்கின்றன. கட்சியிலிருந்து போன் வந்தால் மட்டும், இத்தனை வருஷமாக என் எதிரிலேயே உரக்கப் பேசியவர், எழுந்து வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.