மார்மலேடின் தொண்டை

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ரயில்வே பட்டறையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் நெவில் க்ராப். எங்கள் மீன் வளர்ப்போர் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: தங்கமீனையும் வெப்பமண்டல மீனையும் ஒரே தொட்டியில் விடலாமா?

"கூடாது. இதுக்குக் குளுந்த தண்ணி, அதுக்கு வெதுவெதுப்பு. அடுத்த கேள்வி?" என்பார் நெவில்.

எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. நான்கு வருடம் முன்பு என் தங்கமீன் தொட்டியில் கோரி என்ற வெப்பமண்டல மீனை விட்டேன். கட்டைவிரல் அளவுக் கெளுத்தி அது. அடியில் விழும் மிச்சத் தீனியைப் பொறுக்கும். தங்கமீன் அதையே விழுங்கப் போய்ச் செத்தது. சங்கத்தில் நான் அழுதுகொண்டே சொல்ல ஆரம்பித்தபோது, "ரோஸ்லின், நீ மீன் வளக்கல, கொலை பண்றே" என்று அத்தனை பேர் முன்னாலும் வாயை அடைத்தார். சங்கத்தில் டீ ஊற்றுவது என் வேலை. அன்றிலிருந்து அவர் கோப்பையை மட்டும் தாண்டிப் போய்விடுவேன்.

அவர்தான் ஜூலை மாதக் குளிரில், காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் செய்தார்.

"ரோஸ்லின், உடனே வா. மார்மலேட் வாயில கோரி மாட்டிக்கிச்சு. சங்கத்துல இது நடந்தது உனக்கு மட்டும்தான்."

மார்மலேட் அவர் மனைவி க்ளெனிஸின் தங்கமீன். பக்கவாதம் வந்து பத்து மாதம் பேச்சில்லாமல் இருந்த க்ளெனிஸின் வாயில் முதலில் திரும்பி வந்த சொல் அந்தப் பெயர்தான். அந்த மீன் சாகக் கூடாது. நகவெட்டியை எடுத்துக்கொண்டு, ஸ்வெட்டர்கூட மாட்டாமல் இரண்டு தெரு ஓடினேன்.

மார்மலேட் நீர்மட்டத்தில் சாய்ந்து கிடந்தது. திறந்த வாயில் கோரியின் வால் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. நெவில் இடுக்கியோடு குனிந்தார்.

"இழுக்காதீங்க!" என்று கத்தினேன். "பயந்துட்டா கோரி ரெண்டு பக்க முள்ளையும் விரிச்சுப் பூட்டிக்கும். இழுத்துத்தான் என்னுது செத்துச்சு."

"அன்னிக்கு நீ இதைச் சொல்லலியே."

"சொல்ல விட்டீங்களா? எதுக்கு இதுல கோரியை விட்டீங்க?"

"கோரி இருந்த தொட்டியில ஹீட்டர் நேத்து போயிருச்சு. இந்த ஜாதிக் கோரி குளிர் தாங்கும்னு... ஒரு நாள்தானேன்னு..."

தண்ணீரின் சூட்டைத் துல்லியமாகக் கணக்குப் போட்ட மனிதர், தங்கமீனின் வாயை மறந்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அடக்கிக்கொண்டு ஈரத் துண்டு கேட்டேன்.

ஈரத் துண்டில் சுற்றி மீனை அவர் பிடித்துக்கொள்ள, க்ளெனிஸ் டார்ச் அடித்தார். நகவெட்டியை வாய்க்குள் விட்டேன். வலப்பக்க முள் அகப்பட்டது. வெட்டினேன். இடப்பக்கத்து முள் தொண்டைச் சதையில் புதைந்திருந்தது. நகவெட்டி இரண்டு முறை வழுக்கியது. செவுள் அசைவு நின்றுவிட்டது.

"மா... மா..." என்றார் க்ளெனிஸ். அதற்கு மேல் வரவில்லை.

நெவில் என்னைப் பார்த்தார். "உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்" என்றார்.

மூன்றாவது முறை முள் வெட்டுப்பட்டது. கோரி வழுக்கி வெளியே வந்தது, செத்து. மார்மலேடைத் தண்ணீரில் விட்டோம்; பக்கவாட்டில் சாய்ந்தது. காற்றுக்குழாய்க் குமிழிகளுக்கு நேரே அதை நிமிர்த்திப் பிடித்தபடியே நெவில் நின்றார். குளிர்ந்த தண்ணீரில் அவர் விரல்கள் வெளுத்துப்போயின. கால் மணி நேரம் கழித்துச் செவுள் ஒருமுறை திறந்து மூடியது. பிறகு இன்னொரு முறை.

"மார்மலேட்" என்றார் க்ளெனிஸ், முழுதாக.

அடுத்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் புதிதாக வந்த ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். எல்லோரும் நெவில் பக்கம் திரும்பினார்கள்.

"ரோஸ்லினைக் கேளுங்க" என்றார் அவர். "எனக்குப் பாதிதான் தெரியும். மீதியை அன்னிக்கே அவ சொல்ல வந்தா, நான்தான் கேக்கல."

டீ கெட்டிலோடு நின்றிருந்த நான் முதலில் அவர் கோப்பையை நிரப்பினேன்.